பிட் கணமும் ஆய்வுப்பொருளே

2025 மார்ச் 5 அன்று புது தில்லியில் விக்ரம் 3201, கல்பனா 3201 என்னும் இரு செயலிகளின் தயாரிப்புத் தொகுதிகள் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டன. திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகரின் செமிகண்டக்டர் லேபரட்டரியும் இணைந்து உருவாக்கியவை அவை. உள்நாட்டுச் சில்லு என்ற பெருமிதத்திலேயே பேச்சு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் அந்த அறிவிப்பில் கணினியியல் துறையினர் ஊன்றிப் படித்திருக்க வேண்டிய வரி வேறொன்று. விக்ரம் 3201 தனக்கென்றே வகுக்கப்பட்ட ஆணைத்தொகுதியைக் கொண்டது. ஆகவே அதற்குரிய ஏடா மொழித் தொகுப்பி, அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் ஆகிய அனைத்தும் இஸ்ரோவுக்குள்ளேயே எழுதப்பட்டன. சி மொழித் தொகுப்பி உருவாகிவருவதாகவும் அப்போது தெரிவிக்கப்பட்டது. கல்பனாவின் நிலை வேறு. அது ஸ்பார்க் வி8 என்ற பொது வரையறையைப் பின்பற்றுவதால் திறந்தமூலக் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

கம்பைலர் எனப்படும் தொகுப்பியை எழுதுவது எங்கோ கலிபோர்னியாவில் நடக்கும் காரியம் என்ற எண்ணம் தென்னிந்தியக் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. உண்மையில் அது பழவங்காடியில் பேருந்து ஏறினால் போய்ச் சேரக்கூடிய தும்பாவில் நடக்கிறது. அதே நகரத்தில் சி-டாக் மையம் ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதியில் வேகா செயலிகளை வடிவமைத்திருக்கிறது. சென்னையில் ஐஐடியின் சக்தி செயலிகள் இருக்கின்றன. செயலி பெருகும் இடத்தில் தொகுப்பி வேலையும் பெருகும். அந்த வேலையின் பெரும்பகுதி இலக்கணப் பகுப்பில் இல்லை. அதற்குப் பின்னால் வரும் பகுப்பாய்வுகளில் இருக்கிறது. அந்தப் பகுப்பாய்வுகள் அனைத்தும் கடைசியில் வந்து அமரும் இடம் பிட் கணம் என்ற மிக எளிய தரவமைப்பு.

பாடத்தில் அதற்குக் கிடைப்பது ஒரே வாக்கியம்: "கணங்களைப் பிட் வரிசையாகக் குறித்தால் சேர்ப்பும் வெட்டும் சொல்லுக்கு ஓர் ஆணையில் முடிந்துவிடும்." அத்துடன் அத்தியாயம் அடுத்த தலைப்புக்கு நகர்ந்துவிடுகிறது. ஆய்வு மாணவர் ஒருவர் பிட் கணத்தின் வேகத்தைத் தம் ஆய்வேட்டில் ஓர் இயலாக வைத்தால், "இதில் புதுமை என்ன, இது வெறும் பொறியியல் வேலைதானே" என்ற கேள்வி ஆய்வுக் குழுவிலிருந்து எழுவது எதிர்பார்க்கக்கூடியதே. அந்தக் கேள்வி தவறான கணக்கின் மீது நிற்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு செயற்கூற்றில் 4,000 அடிப்படைக் கட்டங்களும் 20,000 மாறிகளும் இருப்பதாகக் கொள்ளலாம். மனிதர் கையால் எழுதும் நிரலில் இது அரிது. இன்னொரு நிரல் உற்பத்திசெய்து தரும் நிரலில் அரிதன்று. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எந்தெந்த மாறிகள் இன்னும் உயிர்ப்புடன் இருக்கின்றன என்பதைத் தொகுப்பி அறிய வேண்டும். 20,000 பிட்டுகளுக்கு 64 பிட் கொண்ட இயந்திரச் சொற்கள் 313 தேவை. அதாவது ஒரு கணத்துக்கு 2,504 பைட். கட்டத்துக்கு நான்கு கணங்கள் என்றால் மொத்தம் 16,000 கணங்கள். ஏறத்தாழ 4 கோடி பைட். எந்தக் கருவின் இரண்டாம் நிலைக் கேஷிலும் இது அடங்காது. விடை நிலைபெறும் வரை இந்த 4 கோடி பைட்டையும் பலமுறை சுற்றிவர வேண்டும். சேர்ப்பு ஒரே ஆணைதான். அந்த ஆணைக்கு வேண்டிய எண் நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை செயலி சும்மா நிற்கிறது. பாடநூலின் ஒற்றை வாக்கியம் இந்தக் காத்திருப்பைச் சொல்வதில்லை.

இரவோடு இரவாகத் தொகுத்துக்கொள்ளலாமே, வேகம் எதற்கு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். அதற்கான விடை ஜிசிசி தொகுப்பியின் கையேட்டில் இருக்கிறது. பதிவகங்களை மாறிகளுக்குப் பங்கிடும்போது எந்த மாறி எதனோடு மோதுகிறது என்ற அட்டவணை வேண்டும். மேற்கண்ட 20,000 மாறிகளுக்கு முக்கோண அட்டவணையாக வைத்தாலும் சுமார் 20 கோடி பிட், அதாவது 2.5 கோடி பைட் ஆகும். மாறிகள் இரட்டித்தால் அட்டவணை நான்கு மடங்காகும். ஆகவே ஜிசிசியில் ஒரு வரம்பு வைக்கப்பட்டுள்ளது. அட்டவணை அந்த வரம்பைத் தாண்டக்கூடும் என்று கண்டால் தொகுப்பி அதைக் கட்டுவதையே கைவிட்டு, எளிய, விரைவான, தரம் குறைந்த வேறொரு முறைக்கு மாறிவிடும். பொதுக்கோவைகளை நீக்கும் கட்டத்துக்கும் இதேபோல நினைவக வரம்பு உண்டு. மீறினால் அந்த மேம்பாடு அந்தச் செயற்கூற்றுக்கு நடைபெறாது. நிரலாளருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

ஆக, பிட் கணம் பெருத்தால் இழப்பது நேரத்தை மட்டுமன்று; உருவாகும் இயந்திர நிரலின் தரத்தையும்தான். நினைவகமும் ஆற்றலும் அளந்து வைக்கப்பட்ட ஏவுகலக் கணினிக்கு நிரல் எழுதுவோருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

இனி வடிவங்களுக்கு வரலாம். பழவங்காடியிலிருந்து கிழக்கேகோட்டை வழியாகக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதியில் இன்று எந்தெந்தக் கடை திறந்திருக்கிறது என்று ஒருவர் குறித்துவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்கு ஒரு கட்டமாகப் போட்ட தாளில் திறந்த கடைக்கு ஒரு புள்ளி வைப்பது ஒரு வழி. அது அடர்ந்த பிட் கணம். எல்லாக் கட்டங்களும் எப்போதும் இருக்கும். எந்தக் கடையையும் ஒரே பார்வையில் சரிபார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் மூன்று கடைகளே திறந்திருந்தால் அந்த மூன்று எண்களை மட்டும் எழுதிவைப்பது இன்னொரு வழி. அது ஐதான பட்டியல். மூன்றாவது வழிக்குக் கேரளமே நல்ல எடுத்துக்காட்டு. ஹர்த்தால் அன்று வீதியைத் தெருத் தெருவாகப் பிரித்து, "இந்தத் தெரு முழுதும் அடைப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஓணத்துக்கு முந்தைய நாள் என்றால் "முழுதும் திறப்பு". சில கடைகள் திறந்தும் சில அடைத்தும் இருக்கும் தெருவுக்கு மட்டும் கட்டம் போட்ட தாள் போதும். (ஹர்த்தால் நாளில் இந்தக் கணக்கெடுப்புக்கு யார் போவார் என்பது வேறு.)

இந்த மூன்றாவது வழியைத்தான் 2022-இல் நிக்கோலஸ் நெதர்கோட் ரஸ்ட் தொகுப்பிக்குள் கொண்டுவந்தார். கணம் 2,048 பிட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்: முழுதும் சுழியம், முழுதும் ஒன்று, கலப்பு. கலப்புத் துண்டுக்கு மட்டுமே தனி நினைவகம் ஒதுக்கப்படுகிறது. அதுவும் மாற்றப்படாத வரை பல கணங்கள் ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்ளலாம். மிகப் பெரிய செயற்கூறுகளைக் கொண்ட நிரல்களில் உச்ச நினைவகப் பயன்பாடு கணிசமாகக் குறைந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிறிய செயற்கூறுகளுக்கு இந்த ஏற்பாடு வீண் சுமை. பெரும்பாலான செயற்கூறுகள் சிறியவையே. ஆகவே பின்னர் இரண்டையும் இணைத்த கலப்பு வடிவம் வந்தது: இடம் 2,048 பிட்டுக்குள் என்றால் அடர்ந்த வடிவம், மிஞ்சினால் துண்டு வடிவம். அதோடு "பிட் கணம்" என்ற பொதுப் பெயரையும் எடுத்துவிட்டு "அடர்ந்த பிட் கணம்" என்று மாற்றினார்கள். பெயர்மாற்றம் அற்பமாகத் தோன்றலாம். பொதுப் பெயர் இருக்கும்வரை எல்லோரும் யோசிக்காமல் அதையே எடுத்தாள்வார்கள். அடைமொழி சேர்ந்ததும் தேர்வு என்ற ஒன்று இருப்பது கண்ணில் படுகிறது.

ஜிசிசி வேறு பாதையில் சென்றது. அதன் ஐதான கணம் 128 பிட் கொண்ட உறுப்புகளின் இணைப்புப் பட்டியல். 64 பிட் இயந்திரத்தில் ஓர் உறுப்பு 40 பைட். அதில் உண்மையான பிட்டுகளுக்கு 16 பைட், மீதி 24 பைட் சுட்டுகளுக்கும் வரிசை எண்ணுக்கும். கடைசியாகத் தொட்ட உறுப்பைக் கணம் நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்தடுத்த எண்களைக் கேட்டால் விரைவாக விடை வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் பட்டியலை நடந்தே கடக்க வேண்டும். அந்தத் தொல்லைக்காக ஜிசிசி 9-இல் அதே உறுப்புகளை மரமாகவும் பார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கு. முன் சொன்ன 20,000 மாறிகளில் ஒரு கட்டத்தில் 40 மட்டுமே உயிர்ப்புடன் இருக்கின்றன. ஐநூற்றில் ஒன்று, ஐதான வடிவத்துக்கே உரிய இடம் என்று தோன்றும். அந்த 40 எண்களும் சிதறிக் கிடந்தால் 40 உறுப்புகள் வேண்டும்: 1,600 பைட். அடர்ந்த வடிவத்தின் 2,504 பைட்டோடு ஒப்பிட்டால் மிச்சம் சொற்பம். அதுவும் சுட்டுகளைப் பின்தொடரும் தாமதத்தில் கரைந்துவிடும். அதே 40 எண்களும் அருகருகே அமைந்து நான்கு உறுப்புகளுக்குள் அடங்கினால் 160 பைட் போதும். பத்து மடங்கு வேறுபாடு. தரவமைப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது மாறிகளுக்கு எண் சூட்டிய வரிசை மட்டுமே. சேர்ந்து வாழும் மாறிகளுக்கு அடுத்தடுத்த எண்களைத் தருவது எப்படி என்பது வரைபடக் கோட்பாட்டைச் சார்ந்த உண்மையான ஆய்வுக் கேள்வி. "வெறும் பொறியியல்" என்று தள்ளுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஒரு செயலையாவது உள்ளே சென்று பார்ப்பது நல்லது. உயிர்ப்புப் பகுப்பாய்வின் இதயம் ஒரே சமன்பாடு: கட்டத்தின் முடிவில் உயிர்ப்புள்ளவற்றிலிருந்து அக்கட்டம் புதிதாக மதிப்பிடுபவற்றைக் கழித்து, அக்கட்டம் பயன்படுத்துபவற்றைச் சேர்த்தால் தொடக்கத்தில் உயிர்ப்புள்ளவை கிடைக்கும். பாடநூல் மனத்தோடு எழுதும் மாணவர் இதை நான்கு அழைப்புகளாக எழுதுவார்: நகலெடு, கழி, சேர், பழையதோடு ஒப்பிடு. 313 சொற்களை நான்கு முறை சுற்றிவர வேண்டும். தேர்ந்தவர் ஒரே மடக்கில் எழுதுவார். ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை எடுத்து, கழித்துச் சேர்த்து, பழைய மதிப்போடு எங்கே வேறுபடுகிறது என்பதை ஒரு தனி மாறியில் திரட்டிக்கொண்டே போவார். "மாறிற்றா" என்ற கேள்வி மடக்கின் முடிவில் ஒரே ஒருமுறைதான் கேட்கப்படும். சொல்லுக்குச் சொல் கேள்வி கேட்கும் மடக்கைத் திசையன் ஆணைகளுக்கு மாற்றுவது கடினம். கேள்வி இல்லாத மடக்கை எளிது. 256 பிட் பதிவகம் உள்ள செயலியில் 313 சுற்று 79 ஆகிவிடும். ஜிசிசியின் கணங்களில் இப்படிக் கழித்துச் சேர்க்கும் ஒன்றிணைந்த செயல் பல காலமாகவே உண்டு. மாணவர் ஆய்வகக் குறிப்பேடுகளில் அதைக் காண்பது கடினம்.

உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பதிலும் இதே கதை. ஒரு சொல்லின் 64 பிட்டையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது வீண். ஓர் எண்ணையும் அதிலிருந்து ஒன்று குறைந்த எண்ணையும் வெட்டினால் கடைசி ஒன்று மறைந்துவிடும். பீட்டர் வெக்னர் 1960-இலேயே ஒன்றுகளை எண்ண இதைப் பயன்படுத்திக் காட்டினார். அந்தக் கடைசி ஒன்று எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல இன்றைய மேசைக்கணினிச் செயலிகளில் தனி ஆணை உண்டு. ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைத் தொகுதியில் அது இல்லை. 2021-இல் உறுதிசெய்யப்பட்ட பிட் கையாளல் நீட்சியில்தான் வந்தது. வேகா வரிசையின் இடி1031 போன்ற 32 பிட் கருவில் அடிப்படைத் தொகுதியும் பெருக்கல் வகுத்தல் நீட்சியும் மட்டுமே உள்ளன. ஸ்பார்க் வி8-இலும் அத்தகைய ஆணை இல்லை. அங்கே பெருக்கலையும் சிறு அட்டவணையையும் கொண்டு சுற்றுவழியில்தான் இடம் காண வேண்டும். தொகுப்பி மேசைக்கணினியில் ஓடுவதால் அதற்கு இதனால் இடரில்லை. ஆனால் அந்தச் சில்லின் மேல் ஓடும் இயக்குதளத்தின் பணி வரிசையும் நினைவகப் பங்கீடும் பிட் கணங்களே. இங்கே கற்றது அங்கே பயன்படும். மேசைக்கணினியில் வென்ற வடிவம் அங்கே தோற்கவும் கூடும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். தரவமைப்பைத் தீட்டுவதைவிட வழிமுறையை மாற்றுவதே பெரும்பலன் தரும் என்பது பொதுவாக உண்மை. கட்டங்களைச் சுற்றிவரும் வரிசையைச் சரியாக அமைத்தாலே சுற்றுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். 2008-இல் புவாசினோவும் உடனாய்வாளர்களும் ஒற்றை மதிப்பீட்டு வடிவத்தில் உள்ள நிரலுக்கு, எல்லா மாறிகளின் உயிர்ப்புக் கணங்களையும் சேமிக்காமலே "இந்த மாறி இங்கே உயிர்ப்புள்ளதா" என்ற கேள்விக்கு விரைந்து விடையளிக்க முடியும் என்று காட்டினர். கணத்தையே ஒழிக்க முடிந்தால் அதைத் தீட்டுவானேன்? ஆனால் அந்த முறையும் கட்டங்களுக்கு இடையிலான அடைவுநிலையைப் பிட் கணங்களாகவே முன்கூட்டிக் கணித்து வைக்கிறது. மாறிகளின் கணம் போய்க் கட்டங்களின் கணம் வந்தது. பிட் கணம் போகவில்லை.

"புதுமை என்ன" என்ற கேள்விக்கு வரலாற்றிலும் விடை இருக்கிறது. 1993-இல் பிரிக்ஸ், டோர்சான் இருவரும் ஐதான கணங்களுக்கான ஒரு வடிவத்தை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டனர். இரண்டு அணிகள், ஓர் எண்ணி; அவ்வளவுதான். கணத்தை வெறுமையாக்குவது எண்ணியைச் சுழியமாக்குவதோடு முடிந்துவிடும். அணிகளைத் துடைக்கவே வேண்டியதில்லை. விலை நினைவகத்தில்: 20,000 மாறிகளுக்கு 1,60,000 பைட், அடர்ந்த வடிவத்தைப் போல ஏறத்தாழ 64 மடங்கு. கட்டத்துக்கு ஒன்று என்று வைத்தால் பேரிழப்பு. முழுப் பகுப்பாய்வுக்கும் ஒரே பணிப்பட்டியலாக வைத்தால் பெருலாபம். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஜிசிசியின் மூலநிரலில் அது இருக்கிறது. தரவுத்தள உலகில் லெமிரும் குழுவினரும் செய்த ரோரிங் பிட்மேப் இதே பாதையில் வந்தது: 65,536 பிட் துண்டு ஒன்றில் 4,096-க்கு மேல் உறுப்புகள் இருந்தால் பிட் வரிசை, இல்லையேல் 16 பிட் எண்களின் பட்டியல். அந்த 4,096 வாக்கால் வந்த எண் அன்று. இரு வடிவங்களும் 8,192 பைட்டில் சமமாகும் புள்ளி. ஆய்வுக் குழுக்கள் இவற்றை இன்று மேற்கோளாக ஏற்கின்றன. அதே வகை வேலையை மாணவர் செய்ய முன்வந்தால் மட்டும் தயங்குகின்றன.

இந்தியாவில் தரவோட்டப் பகுப்பாய்வின் கோட்பாட்டுக்குப் பஞ்சமில்லை. உதய் கேத்கர், அமிதாப சன்யால், பாகேஸ்ரீ கர்கரே ஆகியோர் 2009-இல் அப்பொருளில் எழுதிய நூல் உலகெங்கும் அறியப்பட்டது; ஐஐடி மும்பையின் ஜிசிசி மையம் மூலநிரலுக்குள் கைபிடித்து அழைத்துச் செல்லும் பயிலரங்குகளை நடத்தியது. இல்லாதது அளவீடு. நிஜமான நிரல்களைத் தொகுக்கும்போது உருவாகும் கணங்கள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு ஐதானவை, அவற்றின் மேல் எந்தச் செயல் எத்தனை முறை நடக்கிறது என்ற தரவு இந்திய நிரல்களுக்கும் இந்தியச் செயலிகளுக்கும் வெளியாகவேண்டும். அது இல்லாமல் 2,048-ஆ 128-ஆ என்று தேர்ந்தெடுப்பது பிறர் காலுக்கு அளந்த செருப்பை அணிவது போன்றது.

தும்பாவின் பறப்பு நிரல்கள் வெளியே வரமாட்டா, வரவும் கூடாது. ஆனால் அவற்றைத் தொகுக்கும்போது கிடைக்கும் புள்ளிவிவரம் வரலாம். தொகுப்பியின் பிட் கணச் செயல்கள் ஒவ்வொன்றிலும் நான்கு எண்களைப் பதிந்தால் போதும்: கணத்தின் மொத்த இடம், அதிலுள்ள ஒன்றுகள், தொடப்பட்ட சொற்கள், செயலின் வகை. முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. முதலில் ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டிலும் திறந்தமூல நிரல்களைக் கொண்டு கருவியைச் சரிபார்த்து, பிறகு அந்தத் திருத்தத்தை மட்டும் நிறுவனத்திடம் கொடுத்து, அவர்கள் தம் வளாகத்துக்குள் ஓட்டித் தொகுத்த அட்டவணையைத் திரும்பப் பெறலாம். மாறிகளின் பெயரோ நிரலின் ஒரு வரியோ அதில் இராது. கணங்களின் அளவு எத்தனை முறை எந்த வரம்புக்குள் விழுந்தது என்ற பரவல் மட்டும் இருக்கும்.